இருவாச்சி தம்பதியும் பச்சோந்தி மத்தியஸ்தரும்

மலைக்காட்டின் நடுவே ஒரு குங்கிலிய மரம். அந்த மரத்தின் பொந்துக்குள் மஞ்சாடி என்ற பெண் இருவாச்சிப் பறவை இருந்தாள். பொந்தின் வாயை மண்ணும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்துப் பூசி அடைத்திருந்தது. நடுவில் ஒரு மூக்கு நுழையும் அளவுக்குச் சின்னச் சந்து ஒன்று மட்டும் இருந்தது.

யாரோ அவளைச் சிறை வைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். இருவாச்சிக் குலத்தில் பிரசவம் என்றாலே இப்படித்தான். மனைவி பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கணவன் மண் கொண்டுவந்து கொடுக்க, அவள் உள்ளேயிருந்து பூசிக்கொள்வாள். முட்டையிட்ட பிறகு அவளுடைய இறக்கைச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். புதுச்சிறகு முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. அதுவரை கணவன்தான் சந்து வழியாக ஊட்டிவிட வேண்டும். அவள் கணவன் பெயர் கொம்பையன். தலையில் பெரிய மஞ்சள் கொண்டை, அதற்கேற்ற வீம்பு.

அதே மரத்தின் கீழ்க்கிளையில் ஊசலாண்டி என்ற பச்சோந்தி குடியிருந்தார். ஓர் அடி எடுத்துவைக்க வேண்டுமென்றால் முன்னும் பின்னும் பலமுறை ஆடி யோசித்துவிட்டுத்தான் வைப்பார். அதனால் அந்தப் பெயர். அவர் இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இருவாச்சி காவல் இருக்கும் மரத்துக்குப் பருந்து வராது. இருவாச்சியே ஓணானையும் பச்சோந்தியையும் விழுங்கக்கூடிய பறவைதான். ஆனால் கொம்பையன் அத்திப்பழம் தவிர வேறெதையும் தேடிப்போகாத சோம்பேறி. இதைவிட நல்ல அயல்வீடு ஒரு பச்சோந்திக்கு எங்கே கிடைக்கும்?

ஒருநாள் காலையில் அந்த நிம்மதிக்கும் வேட்டு வந்தது.

"இன்னைக்கும் அத்திப்பழமா?" என்று சந்து வழியாகக் கேட்டாள் மஞ்சாடி.

"அத்திப்பழத்துக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. அதுதான் குறை. உள்ள வந்து உக்காந்த நாள்லேருந்து அத்திப்பழம், அத்திப்பழம், அத்திப்பழம். ஒரே ஒரு ஓணான் கேட்டேன். வாய்க்கு ருசியா ஒரே ஒரு ஓணான்."

கீழ்க்கிளையில் ஊசலாண்டி சட்டென்று மரப்பட்டை நிறத்துக்கு மாறினார்.

"ஓணான் ஓடுது, புள்ள. அத்திப்பழம் ஓடுறதில்ல" என்றான் கொம்பையன். உள்ளபடியே இது அவனுக்கு நல்ல பதிலாகத் தோன்றியது.

"காடெல்லாம் சுத்திட்டு வர்றீங்க. எனக்குத் தெரியுற உலகம் இந்தச் சந்து அளவுதான். அதுலயும் பாதி நேரம் உங்க மூக்குதான் தெரியுது."

"நான் மூக்கை நீட்டலேன்னா நீ பட்டினிதான்."

"சொல்லிக் காட்டிட்டீங்கல்ல? இனிமே உங்க கையால, சரி, உங்க மூக்கால எனக்கு எதுவும் வேண்டாம். நாம பிரிஞ்சிருவோம்."

"சரி. பிரிஞ்சிருவோம்."

இருவருக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள்.

ஆனால் எப்படிப் பிரிவது? அவளுக்குச் சிறகில்லை, வெளியே வர முடியாது. ஆகவே கொம்பையனே பிரிந்து போனான். பக்கத்துக் கிளைக்கு. சற்று நேரம் முறைப்பாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"நான் பிரிஞ்சுபோனது தெரிஞ்சுதா?"

"அந்தக் கிளை இங்கேருந்து தெரியல."

"எது தெரியும்?"

"எதிர்க்கிளை."

கொம்பையன் எதிர்க்கிளைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "இப்பத் தெரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இதோடு விட்டிருந்தால் இருட்டுவதற்குள் பசி இருவரையும் பேசவைத்திருக்கும். ஆனால் குடும்பச் சண்டைக்கு எங்கிருந்தோ மூக்கில் வியர்க்கும் பிராணிகள் எல்லாக் காட்டிலும் உண்டே! மரத்தடியில் நல்லமுத்து என்ற நரி வந்து நின்றது. உச்சிக்கிளையிலிருந்து பேச்சியம்மாள் என்ற மந்தி இறங்கி வந்தாள்.

"மாப்ளே, உம்ம பக்கம் நான் பேசுறேன்" என்றது நரி கொம்பையனிடம். "ஒண்ணே ஒண்ணு. இனிமே அவளுக்கு ஒரு பழம்கூடக் குடுக்கக் கூடாது. குடுத்தா நீரு இன்னும் புருஷன்னு ஆயிரும்."

"தாயி, உன் பக்கம் நான்" என்றாள் மந்தி மஞ்சாடியிடம். "அவன் குடுத்தாலும் வாயைத் தொறக்காதே. தின்னா நீ தோத்தேன்னு அர்த்தம். இன்னொண்ணு. அவன்கிட்ட ஒரு வார்த்தை நேரா பேசாதே. எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு, நான் போய்ச் சொல்றேன்."

நரியும் கொம்பையனிடம் அதையே சொன்னது. எதுவானாலும் தன் மூலமாகத்தான் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து சந்து வழியாக எந்த மூக்கும் போகவில்லை, வரவில்லை. மந்தி மட்டும் தன் பங்காகச் சில பழங்கள் பறித்து வருவாள். சந்துக்கு வரும் வழியில் பாதியைத் தானே தின்றுவிடுவாள். மீதியில் பாதி புழுத்திருக்கும்.

பங்கு பிரிப்பு ஆரம்பித்தது. மரத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்தார்கள். ஊசலாண்டி தன் கிளை யாருக்குப் போயிற்று என்று கேட்டார். அதற்குள் நிழலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். காலை நிழல் கொம்பையனுக்கு, மாலை நிழல் மஞ்சாடிக்கு. மழை பொது. பிறகு எதிரொலி வந்தது.

இருவாச்சி கூவினால் எதிர்மலை திருப்பிக் கூவும். அந்த எதிரொலி யாருக்கு?

"கூவினது எங்காளு. அதனால அவருக்கு" என்றது நரி.

"கேட்டது எங்க பொண்ணு. கேக்க ஆளில்லேன்னா அது எதிரொலியா? வெறும் சத்தம்" என்றாள் மந்தி.

காடே கூடி வேடிக்கை பார்த்தது. முள்ளம்பன்றிகள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தன. எதிரொலி வழக்கு பொழுது சாயும்வரை நடந்தது. யாருக்கு என்று மலையையே கேட்டுவிடலாம் என முடிவாயிற்று. "யாருக்கு?" என்று எல்லோரும் கத்தினார்கள். "யாருக்கு?" என்றது மலை. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

கடைசியில் மிச்சமிருந்தது பொந்துச் சுவர்.

"மண்ணு சுமந்தது நான்" என்றான் கொம்பையன்.

"பூசினது நான்னு சொல்லுங்க" என்று மந்தியிடம் சொல்லியனுப்பினாள் மஞ்சாடி. குரல் முன்போல இல்லை. தேய்ந்திருந்தது.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "இதுல என்ன சிக்கல்? நாளைக்குக் காலையில சுவரை உடைப்போம். ஆளுக்குப் பாதி. நியாயம்னா அதுதான் நியாயம்."

எல்லோரும் பலே என்றார்கள். முள்ளம்பன்றிகள் முள்ளைச் சிலிர்த்துப் பாராட்டின. ஊசலாண்டி மட்டும் நரியைப் பார்த்தார். அது சுவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு நேர் கீழே தரையில் மெத்தென்று ஓர் இடம் தேடி, இலைகளைக் காலால் ஒதுக்கி, வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊசலாண்டிக்கு இன்னொன்று கேட்டது. காடு கத்தத் தொடங்கும் முன்பு மரத்துக்குள்ளிருந்து மெல்லிய ஒரு கீச்சொலி. காதை மரத்தோடு வைத்தார். மறுபடியும் கீச். மஞ்சாடியின் குரல் அல்ல. அதைவிட மிகச் சின்னது, பசியோடு இருப்பது.

முட்டை பொரிந்துவிட்டது!

ஊசலாண்டிக்கு உடம்பெல்லாம் ஒரு நிறமும் இல்லாமல் போயிற்று. சுவர் உடைந்தால் சிறகில்லாத தாயும் கண் திறக்காத குஞ்சும் நேராக நரியின் மடியில்தான் விழும். யாராவது மேலே போய்ச் சொல்ல வேண்டும். அந்த யாராவது ஒரு பச்சோந்தியாக இருக்கக் கூடாது. மேலே இருப்பது நாள் கணக்கில் பட்டினி கிடக்கும் ஓர் இருவாச்சி. அதுவும் ஓணான் ஓணான் என்று ஏங்கி, அதற்காகவே கல்யாணத்தை முறித்துக்கொண்டவள்.

அவர் பயந்தார். பயந்துகொண்டே ஓர் அடி வைத்தார். ஆடினார். இன்னோர் அடி வைத்தார். சுவரை உடைக்க எல்லோரும் கூடி முடிப்பதற்குள் எப்படியோ சந்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டார்.

"நிறுத்துங்க. உடைக்கிறதுக்கு முன்னாடி மத்தியஸ்தம் பேசணும்" என்றார்.

கொம்பையன் பக்கம் இருந்த அவருடைய பாதி உடம்பு அவனைப் போலவே கறுப்பும் மஞ்சளுமாயிற்று. "பாத்தீங்களா, இவரு நம்ம கட்சி" என்றது நரி. சுவர்ப் பக்கம் இருந்த பாதி மண் நிறமாயிற்று. "இல்ல, எங்க கட்சி" என்றாள் மந்தி. பிறகு இரண்டு கட்சியும் ஒரே குரலில் திட்டின. "பச்சோந்திப் பயல்! நேரத்துக்கு ஒரு நிறம்!"

"நிறம் என் தோலோட பழக்கம். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் ஊசலாண்டி. "என் கண்ணைப் பாருங்க. ஒண்ணு கொம்பையனைப் பாக்குது, ஒண்ணு மஞ்சாடியைப் பாக்குது. ஒரே நேரத்துல ரெண்டு பேரையும் பாக்குற ஆளு இந்தக் கூட்டத்துல வேற யாரு?"

யாரும் கை தூக்கவில்லை.

"அப்ப விதிமுறையைச் சொல்லிடுறேன். முதல் விதி, மத்தியஸ்தரைத் தின்னக் கூடாது."

கொம்பையன் உடனே ஒத்துக்கொண்டான்.

"மஞ்சாடி?"

"யோசிச்சுக்கிட்டிருக்கேன், அண்ணாச்சி."

ஊசலாண்டியின் வால் தானாகச் சுருண்டது. நல்லவேளையாக, "சரி" என்று பதில் வந்தது.

"ரெண்டாவது விதி. பேசணும்னு நினைக்கிறவங்க இந்தச் சந்துக்குள்ள மூக்கை நுழைச்சுத்தான் பேசணும். ஒருத்தர் மூக்கு சந்துல இருக்கும்போது அடுத்தவர் ஒதுங்கிக் கேக்கணும். மூக்கு நுழைக்க முடியாதவங்களுக்குப் பேச்சு கிடையாது."

பேச்சியம்மாள் கோபத்தோடு வந்து முகத்தைச் சந்தில் வைத்து அழுத்தினாள். அவளுடைய சப்பை மூக்கு சுவரில் நசுங்கியதுதான் மிச்சம். நரி தன் நீள மூக்கைக் காட்டி, "என்னால முடியும்" என்று கீழேயிருந்து கூவியது. "தாராளமா மேல ஏறி வாங்க" என்றார் ஊசலாண்டி. நரி மரத்தில் தாவியது, சறுக்கியது, தாவியது, முள்ளம்பன்றி மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அது உட்காரவேயில்லை.

கொம்பையன் வந்து தன் பெரிய மூக்கை நுழைத்தான். வழக்கம்போலக் கத்தத்தான் நினைத்தான். ஆனால் சந்துக்குள் மாட்டிய மூக்கை எவ்வளவுதான் திறக்க முடியும்? "ம்ம்ம்" என்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். கடைசியில் மெதுவாகப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டான்.

"நான் ஓணான் பிடிக்கப் போனேன்" என்றான். "நீ கேட்டதுக்கு மறுநாளே போனேன். முள்ளுப்புதர்ல விழுந்து வால் சிறகு ரெண்டு போச்சு. உங்கிட்டச் சொல்லச் சொல்லி நல்லமுத்துகிட்டச் சொன்னேன்."

"யாரும் சொல்லலியே" என்றது இருட்டுக்குள்ளிருந்து குரல்.

அப்போது அவன் மூக்கின் நுனியை ஏதோ கொத்தியது. மிகவும் மெதுவாக, பலமே இல்லாமல். அத்திப்பழம் என்று நினைத்துக்கொண்டு கொத்துவதுபோல.

"யாரது?"

"உங்க மகதான்."

கொம்பையனின் மூக்கு சந்திலேயே நின்றுவிட்டது. "எப்ப?"

"எதிரொலி யாருக்குன்னு எல்லாரும் கத்திக்கிட்டிருந்தீங்களே, அன்னைக்கு. பேச்சியம்மாகிட்டச் சொல்லிவிட்டேன்."

ஊசலாண்டியின் இரண்டு கண்களும் முதல்முறையாக ஒரே திசையில் திரும்பின. மந்தி தன் வாலில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். நடுவுல அந்தச் சுவர் யாருக்குங்கிற பேச்சு வந்துருச்சா..."

கொம்பையன் மூக்கை உருவிக்கொண்டு பறந்தான். மரமே ஆடியது. போன வேகத்தில் தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு திரும்பி வந்தான். சந்து வழியாக ஒவ்வொன்றாகக் கொடுத்தான். மஞ்சாடி வாங்கினாள். முதல் பழம் முழுவதும் குஞ்சுக்குப் போயிற்று. வெளியே கொம்பையன் அழுதான். மூக்கு இவ்வளவு பெரிதாக இருந்தால் கண்ணீரைத் துடைக்க முடியாது. அது பாட்டுக்கு வழிந்தது.

"சேந்துட்டாங்க! நான்தான் சேத்துவச்சேன்!" என்று பேச்சியம்மாள் கூச்சலிட்டாள். முள்ளம்பன்றிகள் கட்டிப்பிடிக்கப் பார்த்து வேண்டாமென விலகின.

ஊசலாண்டி மட்டும் அசையவில்லை. அசைந்தார், ஆனால் அது அவர் சுபாவம். கூட்டம் அடங்கிய பிறகு கேட்டார்.

"குஞ்சுக்குச் சோறு கிடைச்சாச்சு. அது நல்லது. இப்ப நிதானமா சொல்லுங்க. சேரணுமா, பிரியணுமா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சொல்றதுதான் முடிவு."

இந்த முறை மஞ்சாடி உள்ளேயிருந்து மூக்கை வெளியே நீட்டினாள். ஊசலாண்டி ஓரடி பின்வாங்கிக்கொண்டார்.

"அவர் கெட்டவர் இல்ல, அண்ணாச்சி. முள்ளுல விழுந்தார்னு கேட்டதும் எனக்கு மனசு தாங்கல. ஆனா நாங்க பேசணும்னா எங்களுக்கு ஒரு சண்டை வேண்டியிருக்கு. சண்டை இல்லாத நாள்ல பேச்சே இல்ல. இந்த வழக்கு வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். நான் பிரியத்தான் நினைக்கிறேன்."

மூக்கு உள்ளே போயிற்று. கொம்பையன் தன் மூக்கை நுழைத்தான்.

"எனக்கும் தெரியும், புள்ள. அத்திமரத்துல உக்காந்து பழம் பறிக்கிறபோது நிம்மதியா இருக்கும். திரும்பணுமேன்னு நினைச்சாலே இறக்கை கனக்கும். உன்மேல குத்தம் இல்ல. பிரிஞ்சிருவோம்."

முன்பு சொன்ன அதே வார்த்தை. ஆனால் இந்தத் தடவை இருவரும் அதை மெதுவாகச் சொன்னார்கள்.

"அப்படின்னா எப்படிப் பிரியறதுன்னு பேசுவோம்" என்றார் ஊசலாண்டி.

ஒருவர் மூக்கு மாற்றி ஒருவர் மூக்காகப் பேசினார்கள். மஞ்சாடிக்குச் சிறகு முளைக்கும்வரை கொம்பையன் ஊட்ட வேண்டும். ஊட்டுவது புருஷனாக அல்ல, குஞ்சின் அப்பனாக. சுவர் யாருக்கும் சொந்தமில்லை, குஞ்சுக்கு அது வேண்டியிருக்கும்வரை இருக்கும். மஞ்சாடி தயாரானதும் அவளே உள்ளேயிருந்து உடைப்பாள். அன்றைக்குக் கொம்பையன் கீழே நின்று நரி வராமல் பார்த்துக்கொள்வான். பிறகு அவன் காட்டின் நடுவே விழும் அருவிக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். குஞ்சுக்கு இருவரும் ஊட்ட வேண்டும். எதிரொலி மகளுக்கு.

"அப்ப எனக்கு?" என்றது நரி.

"உங்களுக்கு என்ன பங்கு, நல்லமுத்து?" என்று ஊசலாண்டி ஒரு கண்ணால் கேட்டார். நரி தன்மேல் குத்தியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே நடையைக் கட்டியது.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாள் மஞ்சாடி. "அந்த ஓணான்."

கொம்பையன் திரும்பி ஊசலாண்டியைப் பார்த்தான். சந்து வழியாக ஒரு வெள்ளை விழியும் ஊசலாண்டியைப் பார்த்தது.

"அதை மட்டும் வேற மத்தியஸ்தரை வச்சுப் பேசிக்குங்க" என்றார் ஊசலாண்டி. அவர் அப்போது எந்த நிறத்தில் இருந்தார் என்று அங்கிருந்த யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஓணானுக்குப் பதில் வண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். வண்டும் ஓடும்தான், ஆனால் முள்ளுப்புதரில் ஓடாது.

சொன்னபடியே நடந்தது. புதுச்சிறகு முளைத்ததும் மஞ்சாடி சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. எதிர்க்கிளையைப் பார்த்தாள். அங்கே யாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கொம்பையன் கீழே மரத்தடியில் காவல் நின்றிருந்தான். "போயிட்டு வர்றேன்" என்றாள். "நல்லபடியா போ" என்றான். அவள் மலைச்சரிவின்மேல் இறக்கையை விரித்தாள். அந்தச் சத்தம் காடெங்கும் கேட்டது.

அவள் போனதும் குஞ்சு செய்த காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே கிடந்த மண்ணையும் சக்கையையும் குழைத்து, உடைந்த சுவரைத் தானே மறுபடி பூசிக்கொண்டது. நடுவில் ஒரு மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டது.

அன்றுமுதல் அருவிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பன் வருவான், இந்தப் பக்கமிருந்து அம்மா வருவாள். ஒருவர் மூக்கு சந்தில் இருந்தால் மற்றவர் கிளையில் காத்திருப்பார். சண்டை போட நேரமில்லை. சேர்த்துவைத்தது நான் என்று மந்தியும், பிரித்துவைத்தது நான் என்று நரியும் காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஊசலாண்டி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கீழ்க்கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்திருந்தபோது, உள்ளேயிருந்து அம்மாவின் குரலில், அப்பனின் வீம்போடு, ஒரு கேள்வி வந்தது.

"இன்னைக்கும் அத்திப்பழமா?"

கொம்பையனும் மஞ்சாடியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சிரித்தார்கள். எதிர்மலையும் சிரித்தது. கீழ்க்கிளையில் ஊசலாண்டி மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, மெதுவாக மரப்பட்டை நிறத்துக்கு மாறினார்.

நீதி: பிரிய நினைக்கிறவர்கள் ஊர் வாயால் கத்தாமல், ஒருவர் பேச ஒருவர் கேட்டுப் பிரிந்தால், குஞ்சு பட்டினி கிடக்காது.